இன்னொரு ஆள்

காப்பகத்தை மூடப் போகிறார்கள். ஊரே வேலையில்லாமல் கிடக்கும்போது நன்கொடைக்கு எங்கே போவது? மற்றப் பிள்ளைகளை யார் யாரோ அழைத்துப் போய்விட, இந்தச் சிறுமி மட்டும் மிச்சம்.

வாரிய தலை, பின்னால் கட்டிய கைகள், நிமிர்ந்த பார்வை, மெல்லிய சிரிப்பு. அவள் நின்ற அழகிலேயே, பிள்ளை தேடிக் கணவனோடு வந்திருந்தவள் உருகிவிட்டாள்.

“இப்படி நிக்க யாரு கண்ணு சொல்லிக்கொடுத்தா?”

“சமையக்கார அக்கா. இப்படி நின்னாத்தான் கூட்டிட்டுப் போவாங்களாம்.”

“எங்ககூட வர்றியா?”

“வர்றேன். ஆனா இன்னொரு ஆளும் வரணும்.”

கணவன் நெளிந்தான். அவனுக்கே இப்போது பாதிச் சம்பளம்தான். “தங்கச்சியாம்மா?”

“இல்ல. ஆனா என்னை மாதிரியேதான். பொறந்ததும் இந்த வாசல்ல போட்டுட்டுப் போயிட்டாங்களாம். இன்னிவரைக்கும் யாருமே கூட்டிட்டுப் போகல.”

மனைவி கணவன் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கணவன் பெருமூச்சு விட்டான். “சரி, இருக்கிறதைப் பங்கு போட்டுக்குவோம். கூட்டிட்டு வா.”

சிறுமி அடுக்களைக்குள் ஓடி, பாத்திரம் தேய்த்த ஈரக் கையோடு ஒருத்தியை இழுத்து வந்தாள். தலை முழுக்க நரை.

“விடுடி, அசடு! எனக்கென்ன, எங்கயாவது பொழச்சுக்குவேன்” என்று அதட்டினாள் சமையல்காரி.

அதட்டினாளே தவிர, அந்த இருவரையும் கண்டதும் கையைத் துடைத்தாள். முடியை ஒதுக்கினாள். பிறகு, தன்னை அறியாமலே கைகளைப் பின்னால் கட்டி, நிமிர்ந்து பார்த்து, மெல்லச் சிரித்தபடி நின்றாள்.