சேலத்து டாக்டரம்மா

“ஏப்பா தங்கமுத்து, நாப்பது நாளு சேலத்து ஆசுபத்திரியில கெடந்தியே, நம்ம வெள்ளியங்கிரி மகளை அங்க பாத்தியா?”

மாரியாயி கோயில் முன்னால், நோம்பித் திருவிழாவுக்கு நாள் குறிக்க ஊரே கூடியிருந்தது. கேட்டவர் வெங்கடாசலம். வெள்ளியங்கிரிக்குப் பங்காளி, வரப்புத் தகராறில் நாலு வருஷமாக முகங்கொடுத்துப் பேசாதவர்.

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளியங்கிரி சட்டென்று நிமிர்ந்து பார்த்தார்.

மகள் சௌந்திரம் பட்டணத்தில் சயன்ஸ் படித்துப் பட்டம் வாங்கியவள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பெண்ணென்ன, ஆண்களிலேயே அப்படி ஒருத்தர் கிடையாது. எந்தப் பள்ளிக்கூடத்திலும் வாத்தியாரம்மா வேலைக்குக் கூப்பிட்டு வைத்துக்கொண்டிருப்பார்கள். அவளோ நேராகப் போய் சேலத்து ஆசுபத்திரியில் நர்ஸ் வேலை பழகச் சேர்ந்துவிட்டாள்.

“படிச்ச படிப்பென்ன, பீச்சட்டி தூக்கற பொழப்பென்ன!” என்று அன்றைக்கு வெள்ளியங்கிரி வாசலில் நின்று குதித்தார். “டாக்டருக்குப் படிக்கறாள்னு ஊருல சொல்லிக்கறேன். நீயும் அப்படியே சொல்றதுன்னா ஊட்டுக்கு வா. இல்லீன்னா வராதே!”

“பூச்சியைக் கண்ணாடியில வெச்சுப் பாத்தது போதுங்கய்யா. அது கடிச்ச மனுசரைப் பாக்கப் போறேன். பொய் சொல்லிட்டு உள்ள வர மாட்டனுங்க.”

அப்படிச் சொல்லிவிட்டுப் போனவள்தான். இரண்டு வருஷம் ஆயிற்று.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். வெள்ளியங்கிரிக்குக் கிடைத்தது; இறங்கத்தான் இல்லை. கச்சாயப் பலகாரம் சுடும்போதெல்லாம் மனைவி சென்னியம்மாள் மகளுக்கென்று நாலு எடுத்துத் தனியாக மூடி வைப்பாள். அது பூசணம் பிடிக்கிறவரை அப்படியே இருக்கும். ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். அதுதான் அவரை அறுத்தது.

இப்போது மகள் எழுதிய கடுதாசி அவர் மடியில் இருந்தது. ‘நோம்பிக்கு வர ஆசையாக இருக்கிறது, அய்யா. யார் கேட்டாலும் நர்ஸ் என்றுதான் சொல்வேன். வரலாமா?’ நாலு நாளாகப் பதில் எழுதவில்லை.

அதற்குள் இந்தக் கேள்வி!

தங்கமுத்து அவர் பண்ணையத்து ஆள்தான். ஏர்க்கொழு குத்திக் கால் அழுக ஆரம்பித்ததும், வேறு வழியில்லாமல் கரியில் ஓடும் பஸ்ஸில் ஏற்றி ஆசுபத்திரிக்கு அனுப்பியவரே அவர்தான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமே என்று நினைத்தார். பங்காளியையும் பனங்காயையும் பதம் பார்த்து வெட்டச் சொல்வார்கள். வெங்கடாசலம் நன்றாகத்தான் பதம் பார்த்திருந்தார்.

எட்ட நின்ற தங்கமுத்து கோலை ஊன்றி நிமிர்ந்தான்.

“பாத்தனுங்க சாமி. டாக்டரம்மாதானுங்க என்ர காலைக் காப்பாத்துனாங்க.”

“கேட்டுக்கிட்டீங்களா?” என்று வெங்கடாசலம் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். “நம்மூருப் புள்ளை டாக்டரு!”

ஊரே தலையாட்டியது. நோம்பிக்கு நாள் குறித்துக் கூட்டமும் கலைந்தது.

வெள்ளியங்கிரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் மனசு ஒப்பவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவன், வெள்ளைச் சேலை கட்டியவர்களெல்லாம் டாக்டர் என்று நினைத்துவிட்டானோ? நாளைக்கு எவனாவது விவரமாகக் கேட்டால்?

நொண்டிக்கொண்டே போனவனைக் கள்ளிவேலி ஓரமாக எட்டிப் பிடித்தார்.

“தங்கமுத்து, மறைக்காமச் சொல்லு. நெசமாவே அவளை டாக்டருன்னா நெனச்சே?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“இல்லீங்க சாமி. டாக்டரு காலை எடுத்துப் போடோணும்னாருங்க. அம்மிணிதான் பத்து நாளு பொறுங்கன்னு கெஞ்சி, ரெண்டு வேளையும் சீழைக் கழுவிக் கட்டுனாங்க. ‘நான் உங்க பண்ணையத்து ஆளுங்க, தொடாதீங்க’ன்னு காலை இழுத்துக்கிட்டனுங்க. ‘காலைக் குடுங்கண்ணா’ன்னு புடிச்சு மடியில வெச்சுக்கிட்டாங்க. என்னையப் போயி அண்ணான்னாங்க சாமி.”

தங்கமுத்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வெள்ளியங்கிரி குனிந்து அவன் காலைப் பார்த்தார்.

“அப்பறம் எதுக்குடா டாக்டருன்னு சொன்னே? கேட்டவன் ஆரு? வெங்கடாசலம்! நாளைக்கு அவனுக்கு நெசம் தெரிஞ்சா என்னைய ஊருல நிக்க உடுவானா?”

“அவருக்குத் தெரியாதுங்களா? போன ஐப்பசியில அவிங்க ஆத்தா பேதியில அங்கதானுங்க கெடந்தாங்க. அவிங்க துணியை அலசுனதே நம்ம அம்மிணிதானுங்க. கூட இருந்து பாத்தவரு அவரு.”

“பாத்தவனா இன்னைக்கு அப்பிடிக் கேட்டான்?”

“கேக்கறேன், இப்பிடிச் சொல்லோணும்னு நேத்தே சொல்லிக் குடுத்ததும் அவருதானுங்க.”

வெள்ளியங்கிரியின் கை தன்னால் மடியில் இருந்த கடுதாசியைத் தொட்டது.

“ஏன்டா? எதுக்கு?”

“அன்னைக்கு நீங்க வாசல்ல நின்னு சத்தம் போட்டது ஊருக்கே கேட்டுதுங்களே, சாமி. பொய் சொன்னாத்தான் ஊட்டுக்குள்ள வரலாம்னீங்க. அம்மிணி பொய் சொல்லாதுங்க. அதான், அதுக்கும் சேத்தி நாங்க ஊரே சொல்லிட்டிருக்கறோமுங்க.”