டால்ஃபின் முழுக்கு

"சளியா? ஜூலை மாசத்துல, ஃப்ளோரிடாவுல, உங்களுக்குச் சளியா?"

ராஜலக்ஷ்மிக்குப் பற்றிக் கொண்டு வந்தது. பத்மநாபன் மூக்கை உறிஞ்சிக் காட்டினான். அதில் சளியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

வடக்கே பிஸ்கட்டவேயில் இருக்கிற வீட்டிலிருந்து இரண்டு நாள் வேன் ஓட்டி வந்திருக்கிறார்கள். எல்லாம் ஏழு வயசு ஷ்ரேயா டால்ஃபினோடு நீந்த வேண்டும் என்பதற்காக. பள்ளிக்கூடத்தில் கூடப் படிக்கிற யாரோ ஒரு ஜெனிஃபர் நீந்திவிட்டு வந்து பீற்றிக் கொண்டாளாம். அன்றிலிருந்து வீட்டில் டால்ஃபின் ஜபம்தான். ஃபோன் போட்டு புக் பண்ணியது பத்மநாபன். "அப்பாவும் கூட எறங்கறேன்டா கண்ணா" என்று சத்தியம் பண்ணியதும் அதே பத்மநாபன்தான்.

காலையில் கூட நீச்சல் டிராயரை மாட்டிக் கொண்டு விசிலடித்தபடிதான் வந்தான். டால்ஃபின்களைப் பழக்குகிற பெண் அவர்களைப் படிக்கட்டு வரை அழைத்துப் போய், "இது தொட்டி இல்லை. கடலுக்கே வேலி போட்டிருக்கிறோம். அசல் அட்லான்டிக்" என்று பெருமையாகச் சொன்னாள். அத்தோடு இவனுக்குச் சளி பிடித்துவிட்டது.

"சின்னக் குழந்தையோடு ஒரு பெரியவர் கட்டாயம் இறங்க வேண்டும். இதய நோய், முதுகுவலி, கர்ப்பம், இதெல்லாம் இருந்தால் இறங்கக் கூடாது" என்றாள் அந்தப் பெண்.

ராஜலக்ஷ்மி சட்டென்று வேறு பக்கம் திரும்பிக் கொண்டாள்.

அவள் உண்டாகியிருந்தாள். டாக்டரம்மாவைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. போன வருஷம் மூன்றாம் மாதத்தில் ஒன்று கலைந்து போனபோது பத்மநாபன் சோறு தண்ணி இல்லாமல் கிடந்ததை அவள் மறக்கவில்லை. இந்தத் தடவை மூணு மாசம் தாண்டட்டும், அப்புறம் சொல்லிக் கொள்ளலாம் என்று மனசுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தாள். ஆக, அவளால் தண்ணீரில் இறங்க முடியாது. ஏன் முடியாது என்று சொல்லவும் முடியாது.

"அப்பா, யூ ப்ராமிஸ்ட்" என்றாள் ஷ்ரேயா. லைஃப் ஜாக்கெட்டுக்கு மேலே முகம் மட்டும்தான் தெரிந்தது.

"சுந்தரராமன் அங்கிள் கூடப் போயேன்டா. அங்கிள் சூப்பரா நீந்துவார்."

சுந்தரராமன் ஆபீஸ் நண்பன், பிரம்மசாரி. மாற்றி மாற்றி வேன் ஓட்டுவதற்காகக் கூட வந்தவன். பெஞ்சில் உட்கார்ந்து ஐஸ்க்ரீம் தின்று கொண்டிருந்தவன் தன் பேர் அடிபட்டதும் நிமிர்ந்து பார்த்தான்.

"நோ. ஐ வான்ட் யூ" என்று குழந்தை உதட்டைப் பிதுக்கியது.

"ஏன்னா, குழந்தை கேக்கறது காதுல விழறதா? வெள்ளத்துல காவேரியைத் தாண்டினேன்னு வர்றவா போறவாகிட்டல்லாம் அளப்பேளே. இது இடுப்பளவு தண்ணி. எறங்கினா கரைஞ்சா போயிடுவேள்?"

"மன்னி இறங்கட்டுமே" என்று சுந்தரராமன் இழுத்தான்.

"அவ வேண்டாம்" என்றான் பத்மநாபன் வெடுக்கென்று.

இதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "ஏன் வேண்டாம்? நானே எறங்கித் தொலைக்கறேன், நகருங்கோ."

ஆத்திரத்தில் ஒரு லைஃப் ஜாக்கெட்டை எடுத்துவிட்டாள். என்ன ஆகிவிடப் போகிறது, கொஞ்ச நேரம்தானே என்று ஒரு மனசு சொன்னது. இன்னொரு மனசு வேண்டாம் வேண்டாம் என்று அடித்துக் கொண்டது. பட்டையைத் தப்பாக மாட்டி, மறுபடி அவிழ்த்தாள்.

பத்மநாபன் பாய்ந்து வந்து அதைப் பிடுங்கினான். "நீ எறங்கப்படாது."

"நீங்களும் எறங்க மாட்டேள், என்னையும் விட மாட்டேள். இது எந்த ஊர் நியாயம்?"

"மெதுவாப் பேசு. எல்லாரும் பார்க்கறா."

"நன்னாப் பார்க்கட்டும்."

அவன் அந்த ஜாக்கெட்டைக் கொண்டு போய் சுந்தரராமன் கழுத்தில் மாட்டினான். ஐஸ்க்ரீமைத் தன் கையில் வாங்கிக் கொண்டு, "உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன், போடா" என்று அவனைக் கிட்டத்தட்டத் தள்ளியேவிட்டான்.

ஷ்ரேயா அழுது கொண்டேதான் இறங்கினாள். டால்ஃபின் வந்து மூக்கால் முட்டியதும் அழுகை நின்றது. அப்புறம் அதன் துடுப்பைப் பிடித்துக் கொண்டு ஒரு சுற்று சுற்றி வந்து, கெக்கெக்கே என்று சிரித்தாள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கரையில் அப்பாவைத் தேடினாள். அதைப் பார்க்கப் பார்க்க ராஜலக்ஷ்மிக்கு வயிறு எரிந்தது.

பத்மநாபன் கம்பியைப் பிடித்துக் கொண்டு நின்றிருந்தான். ஐஸ்க்ரீம் உருகி முழங்கை வரை வழிந்தது. துடைக்கக் கூடத் தோன்றவில்லை மனுஷனுக்கு.

அவள் அவன் பக்கத்தில் போய் நின்றாள். விட்டுவிடத்தான் நினைத்தாள், வாய் கேட்கவில்லை.

"அப்படி என்னதான் பயம் உங்களுக்கு? அது என்ன முதலையா, முழுங்கறதுக்கு? கிரகணத்தன்னிக்கு வெளியில போகாதேள்னு எங்கம்மா சொன்னா ஊரைக் கூட்டிச் சிரிப்பேள். எதுக்கும் பயப்படாத சூரர். குழந்தைக்குக் குடுத்த வாக்கைக் காப்பாத்த மட்டும் சூரத்தனம் வரலை."

பத்மநாபன் தண்ணீரையே பார்த்துக் கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"பயம்தான் ராஜி. பிள்ளைத்தாச்சியோட ஆம்படையான் சமுத்திரத்துல முங்கப்படாதுன்னு போன தடவை நீ உண்டாகியிருந்தப்போ உங்கம்மா ஃபோன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னா. நான் சிரிச்சுண்டே போய் முங்கிட்டு வந்தேன்."