செந்துறைக்கு வந்த நர்ஸம்மா

“செவ்வாக்கிழமை சாவடியில காலரா ஊசி போடுறாங்க. சனிக்கிழமை கூப்பனுக்கு மண்ணெண்ணெய் ஊத்துறாங்க. நடுவுல வெள்ளிக்கிழமை, செந்துறையில பிரசவ ஆஸ்பத்திரி தொறக்குறாங்க. புள்ளைத்தாச்சிங்க எல்லாரும் வரலாம், காசு பணம் கிடையாது, சாமியோவ்.”

ராசாங்கம் தமுக்கை ஒரு முறை முழக்கிவிட்டு நிறுத்தினான். அவன் பக்கத்தில் வெள்ளைச் சேலையில் நின்றிருந்தாள் தெரசம்மாள். ஏலாக்குறிச்சிப் பெண். திருச்சியில் நர்ஸ் படிப்பு முடித்து, புது ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்திருந்தாள். செந்துறையைச் சுற்றிய ஊர்களுக்கெல்லாம் ராசாங்கத்தோடு நடந்தே போய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிணற்றடியில் நின்ற பெண்கள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவளை வேடிக்கை பார்த்தார்கள்.

“ஆஸ்பத்திரிக்குப் போனவ நடந்து திரும்புனதா யாராச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களாடி?” என்றாள் ஒருத்தி.

“எங்களுக்குச் சின்னப்பிள்ளை ஆத்தா இருக்கு. அது சொன்னா வர்றோம்” என்றாள் இன்னொருத்தி.

சின்னப்பிள்ளை அந்த வட்டாரத்து மருத்துவச்சி. அங்கே நின்ற பெண்களில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளே வந்தாள். தெரசம்மாளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“கல்யாணம் ஆயிடுச்சா?”

“இல்லீங்கம்மா.”

“பெத்தும் பாக்கல, வளத்தும் பாக்கல. நீ எப்படி அடுத்தவளுக்குப் பாப்ப?”

பெண்கள் சிரித்தார்கள். தெரசம்மாளுக்கு முகம் சிவந்தது.

“கைய நீட்டு புள்ள.”

நீட்டினாள். சின்னப்பிள்ளை விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகங்களை ஒட்ட வெட்டியிருந்தாள் தெரசம்மாள்.

“புள்ள குறுக்கால கெடந்தா என்ன செய்வ?”

“வெளியிலருந்தே மெதுவாத் திருப்பிப் பாப்பேங்க. திரும்பலேன்னா வலி முத்துறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட அனுப்பிடுவேன்.”

“புள்ள பொறந்தப்புறம் ரத்தம் நிக்கலேன்னா?”

“அதுக்கு ஊசி இருக்குதுங்க.”

“ஊசிக்கும் நிக்கலேன்னா?”

தெரசம்மாள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். சின்னப்பிள்ளை விடவில்லை.

“அப்ப ஒரு உசுரும் போகாதுன்னு எல்லார் முன்னாலயும் சத்தியம் பண்ணு பாப்போம்.”

“பண்ண மாட்டேங்கம்மா” என்றாள் தெரசம்மாள். “என்னால ஆனதெல்லாம் செய்வேன். ஆகாததை ஆகாதுன்னு முன்கூட்டியே சொல்லி, ஆகுற எடத்துக்கு நானே கூட்டிக்கிட்டுப் போவேன். அதுக்கு மேல சத்தியம் பண்ணுனா பொய்யாயிடும்.”

சின்னப்பிள்ளை அவள் கையை விட்டாள். திரும்பி நடந்தாள். பெண்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

“அது தலையாட்டலேன்னா ஒருத்தியும் வரமாட்டா நர்ஸம்மா” என்றான் ராசாங்கம்.

வெள்ளிக்கிழமை வந்தது. வாழைமரம் கட்டினார்கள். பெரிய மனிதர்கள் வந்தார்கள், பேசினார்கள், மாலையோடு காரில் ஏறிப் போனார்கள். புதுச் சுண்ணாம்பு வாசனை வீசும் அறையில் நான்கு கட்டில்களும் காலியாகக் கிடந்தன. உச்சி வெயில் ஏறியும் ஒரு பெண்கூட வரவில்லை.

தெரசம்மாள் வாசற்படியில் உட்கார்ந்தாள். ஒரு மாதம் பார்ப்பது, யாரும் வராவிட்டால் கட்டிலையெல்லாம் வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவது என்று மேலதிகாரி சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அப்போதுதான் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. முன்னால் இறங்கியவள் சின்னப்பிள்ளை. வாசலிலேயே சண்டைக்கு வந்துவிட்டாள் என்று எண்ணித் தெரசம்மாள் எழுந்து நின்றாள்.

“பாத்துக்கிட்டு நிக்கிறியே, வந்து ஒரு கை புடி” என்றாள் சின்னப்பிள்ளை.

வண்டிக்குள் வைக்கோல்மேல் ஒரு பெண் வலியில் முனகிக்கொண்டிருந்தாள். “எம் மவ குஞ்சம்மா. தலைப்பிரசவம்.”

பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்து வீறிட்டது. ஆனால் குஞ்சம்மாளுக்கு ரத்தம் நிற்கவில்லை. சின்னப்பிள்ளையின் முகம் வெளிறிப்போனது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெரசம்மாள் ஊசி போட்டாள். வயிற்றை அழுத்திப் பிடித்தபடி, கை மரத்துப்போகும்வரை அசையாமல் இருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கட்டுப்பட்டது. குஞ்சம்மாள் கண் திறந்து தண்ணீர் கேட்டாள்.

தெரசம்மாள் கை கழுவிவிட்டு வெளியே வந்தபோது, வாசலில் ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். எல்லாம் கிணற்றடியில் பார்த்த முகங்கள். குழந்தையின் சத்தம் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்கள். மருத்துவச்சி தன் மகளையே இங்கே கொண்டுவந்துவிட்ட சேதி ஊரெல்லாம் பரவியிருந்தது. அவர்களில் மூன்று பேர் புள்ளைத்தாச்சிகள்.

சின்னப்பிள்ளை பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தாள். தெரசம்மாள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“ஆஸ்பத்திரியே வேணாம்னுதான் அன்னைக்கு என்னை அப்படிக் கேட்டீங்கன்னு நெனச்சேங்கம்மா.”

சின்னப்பிள்ளை குழந்தையிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“போன ஆவணியில குஞ்சம்மாவோட அக்காளுக்கு என் கையாலதான் பிரசவம் பாத்தேன். ரத்தம் நிக்கல. நான் பெத்து வளத்தவ, என் மடியிலயே போயிட்டா. காரியம் முடிஞ்ச மறுநாளு, அரியலூருக்குப் பெரிய டாக்டர் வந்திருக்காருன்னு கேள்விப்பட்டு நடந்தே போனேன். எங்க பக்கம் ஒரு ஆஸ்பத்திரி வேணும்னு அவரு பங்களா வாசல்லயே கெடந்து கேட்டுட்டு வந்தவ நான்தான் தாயி” என்றாள். “கேட்டது நானு. வந்தவ எப்படிப்பட்டவன்னு பாக்காம எம் பொண்ணுங்கள அனுப்ப முடியுமா?”