வாசல் வழியாக வந்த ஜன்னல்

தொழில் வட்டாரத்தில் அவனுக்கு 'ஜன்னல்' என்று பெயர். இருபது வருஷத்தில் ஒரு வீட்டுக்குள்ளும் அவன் வாசல் வழியாக நுழைந்ததில்லை.

ஆனால் காலத்துக்குத் தக்கபடி மாறத் தெரிந்தவன். பூட்டிய வீடு தேடித் தெருத்தெருவாக அலைவதையெல்லாம் எப்போதோ விட்டுவிட்டான். இப்போதுதான் ஜனங்கள் தாங்களே இணையத்தில் எழுதிவிடுகிறார்களே! அப்படி ஞாயிற்றுக்கிழமை அகப்பட்டதுதான் அந்தப் பயண வலைப்பூ. ஓய்வுபெற்ற கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்துவது. "புதன் காலை கிளம்புகிறோம். பத்து நாள் வீடு பூட்டித்தான் கிடக்கும்" என்று எழுதி, வீட்டு வாசலில் இருவரும் சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தையும் போட்டிருந்தார்கள். படத்தில் கதவு எண்ணும் தெருப் பலகையும் பளிச்சென்று தெரிந்தன.

புதன் பதினொரு மணிக்கு, தோளில் கருவிப் பையோடு அவன் அழைப்பு மணியை அழுத்தினான். ஆளில்லாத வீடுதான் என்றாலும் ஒரு தடவை மணி அடித்துப் பார்ப்பான். தொழில் சுத்தம்.

கதவு திறந்தது.

படத்தில் சிரித்த அதே அம்மாள். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவனையும் பையையும் ஏற இறங்கப் பார்த்தாள். 'விலாசம் மாறி வந்துட்டேன்' என்று அவன் வாயெடுப்பதற்குள் முந்திக்கொண்டாள்.

"வெப்சைட் ரிப்பேருக்குத்தானே வந்தீங்க? வாங்க தம்பி! ஏங்க, ஆள் வந்தாச்சு!"

ஜன்னலின் தலை தானாக ஆடியது. அவன் உள்ளே காலை வைத்ததும் அம்மாள் கதவைத் தாழிட்டாள்.

"அப்டேட் பண்ணுங்கன்னு நேத்து வந்துச்சு, பண்ணினேன். அவ்வளவுதான், எல்லாம் போச்சு!" என்றார் கணவர், நாற்காலியை இழுத்துப் போட்டபடி. "பயணத்தையே தள்ளி வெச்சுட்டோம் தம்பி."

"சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தது இவர்தான்," என்றாள் அம்மாள். "எதிர் வீட்டுப் போலீஸ்காரரைக் கூப்பிட்டுக் காட்டலாமான்னு யோசிச்சேன். நல்லவேளை, நீங்க வந்துட்டீங்க. உங்களால முடியும்தானே?"

ஜன்னல் தாழிட்ட கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். "முடியும்மா," என்று கணினி முன்னால் உட்கார்ந்தான்.

அவன் அதிர்ஷ்டம், போன தடவை உள்ளே இருந்தபோது சிறையில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தினார்கள். வகுப்பில் அவன்தான் முதல்.

கடவுச்சொல் கொடுத்து உள்ளே போனால் வெறும் வெள்ளைத் திரை. வாசகர்கள் பார்க்கும் பக்கத்துக்குப் போய்ப் பழைய பதிவு எதைத் தொட்டாலும் 'பக்கம் இல்லை' என்று வந்தது. ஜன்னல் விரல்களைச் சொடுக்கிக்கொண்டான். இதுவும் ஒரு பூட்டுதானே? எங்கேயோ ஒரு பல் இடறுகிறது.

தளத்தோடு ஒட்டிக்கொண்டு எடுபிடி வேலை செய்யும் ப்ளக்-இன்கள் பதினொன்று இருந்தன. அவை இருந்த ஃபோல்டரின் பெயரை மாற்றினான். பதினொன்றும் ஒரேயடியாகப் படுத்தன. வெள்ளைத் திரை விலகியது.

"வந்துடுச்சு!" என்று கணவர் கை தட்டினார்.

"இருங்க சார். குற்றவாளி யாருன்னு பாக்கணும்," என்றான் ஜன்னல். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பெயரைப் பழையபடி வைத்து, ஒவ்வொன்றாக எழுப்பினான். ஆறு வரை சாதுக்கள். ஏழாவது, மூலையில் கடிகாரம் காட்டும் ஒன்று. அதை எழுப்பியதும் திரை மறுபடி வெளுத்தது. "புது அப்டேட்டுக்கும் இதுக்கும் ஆகல சார்," என்று அதைத் தூக்கி எறிந்தான். பிறகு இணைப்புகளின் அமைப்பைத் திறந்து, எதையும் மாற்றாமல் ஒரு தடவை 'சேமி'யை மட்டும் அழுத்தினான். காணாமல் போன பக்கங்கள் எல்லாம் வீடு திரும்பின.

நடுவில் அம்மாள் தேநீர் போட உள்ளே போனாள். கணவர் கண்ணாடி தேடிப் பக்கத்து அறைக்குப் போனார். அலமாரியில் வெள்ளிக் கோப்பைகள் கைக்கெட்டும் தூரத்தில் மின்னின. ஜன்னல் ஒரு கணம் பார்த்தான். பிறகு மீதி நான்கு ப்ளக்-இன்களைச் சோதிக்கத் திரும்பிவிட்டான். பாதி வேலையில் எழுந்து போக மனசு வரவில்லை.

"எவ்வளவு தரணும் தம்பி?" என்றாள் அம்மாள், தேநீரை நீட்டியபடி.

"ஒண்ணும் வேணாம்மா." இத்தனை வருஷத்தில் அவனை நம்பி யார் வீட்டைத் திறந்துவிட்டார்கள்? "ஒண்ணு மட்டும் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஊருக்குப் போறோம், வீடு பூட்டியிருக்கும்னு எல்லாம் எழுதாதீங்க. நல்லவன் மட்டுமா படிக்கிறான்?"

"அடடா, இது எங்களுக்குத் தோணவே இல்லையே! நீங்க நல்லா இருக்கணும் தம்பி," என்று அம்மாள் உருகினாள்.

ஜன்னல் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வீட்டின் வாசற்படி வழியே தலை நிமிர்ந்து இறங்கினான். தெருமுனையில் கருவிப் பையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, கம்ப்யூட்டர் கடை ஒன்றில் வேலை கேட்கப் போனான்.

சமையலறையிலிருந்து கணவர் குரல் கொடுத்தார். "ஏம்மா, இங்க குழாய் ஒழுகுதே! ஆளுக்குச் சொல்லணுமா?"

"எதுக்குங்க தண்டச் செலவு? ஞாயித்துக்கிழமை மலைப்பக்கம் கிளம்பறோம்னு இப்பத்தான் எழுதிப் போட்டேன்," என்றாள் அம்மாள், கணினியை மூடியபடி.

கணவர் தலையாட்டினார். "போன மாசம் மோட்டாரை ரிப்பேர் பண்ணிட்டுப் போனானே ஒரு திருடன், அவன் அளவுக்காவது கைத்திறமை உள்ளவனா வந்தா போதும்!"