கை நடுக்கம் பழகிய லென்ஸ்

செண்பகவல்லி அம்மாளின் கேமராவுக்கு அன்று காலையிலிருந்தே பயம். அவருக்குக் கை நடுக்கம் வந்ததிலிருந்து பறவைப் படங்களெல்லாம் கலங்கிப்போய்த்தான் வந்தன. "இன்னொரு லென்ஸ் வாங்கிப் பார்ப்போம். அதுவும் சரிவரலைன்னா படமெடுக்கிறதையே விட்டுடலாம்" என்று சொல்லிவிட்டார்.

கடையில் கேமரா பெரிய லென்ஸிடம் கெஞ்சியது. "நீங்க வாங்க அண்ணே."

"என்னைத் தாங்க ஸ்டாண்டு வேணும்ப்பா. விலையும் அவங்களுக்குக் கட்டாது. பக்கத்துல இருக்கிற ஜூம் லென்ஸைக் கூட்டிட்டுப் போ. வெளிச்சம் குறைஞ்சா கொஞ்சம் திணறுவான். ஆனா கை நடுக்கம் அவனுக்குப் பழக்கம்."

அம்மாளும் அதைத்தான் தூக்கிப் பார்த்து வாங்கினார்.

மறுநாள் ஏரிக்கரையில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. அவர் கை வழக்கம்போல் நடுங்கியது. படத்திலோ பறவையின் அலகில் தொங்கிய நீர்த்துளிகூடத் தெளிவாக விழுந்திருந்தது. அம்மாள் கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அவங்க கையை எப்படிடா நிறுத்தினே?" என்றது கேமரா.

"நான் எங்கே நிறுத்தினேன்? அது ஒரு பக்கம் ஆடினப்போ, எனக்குள்ள இருக்கிற கண்ணாடி மறுபக்கம் ஆடுச்சு. அவ்வளவுதான்."

"நல்லா இருப்பே" என்றது கேமரா. அதற்குள் அம்மாள் அடுத்த பறவையைப் பார்த்துவிட்டார்.