பக்கத்து வீட்டுக்காரரின் புரொஸ்டேட்

நோய் பெரிதென்றால் உபத்திரவமும் பெரிதாக இருக்கும் என்பது உலகம் முழுவதும் பரவியிருக்கும் ஒரு மூடநம்பிக்கை. இதை இன்றைக்கே திருத்திக்கொள்வது நல்லது.

களுதாவளை பாக்கியராசாவின் புரொஸ்டேட் சுரப்பி வீங்கியிருந்தது. அது வெறும் வீக்கம். ஆனால் மனிதரை நிமிடத்துக்கு நிமிடம் ஓட வைத்தது அதுதான். அதே சுரப்பியின் ஒரு மூலையில் புற்றுநோயும் இருந்தது. அது நல்ல குடித்தனக்காரரைப்போலச் சத்தம் போடாமல் இருந்தது.

"ரெண்டு வழி இருக்கு ஐயா," என்றார் டொக்டர். "அடைக்கிற சதையை மட்டும் உள்ளால சுரண்டி எடுக்கலாம். புற்றுநோய் ஆபத்துக் குறைஞ்ச வகை. அத விட்டுட்டு, ரத்தம் பாத்து, ஸ்கேன் எடுத்துக் கவனிக்கலாம். இல்லாட்டி சுரப்பியை முழுசா எடுக்கலாம். ரெண்டும் போகும். ஆனா சிறுநீர் கசியலாம். வேற குறையும் வரலாம்."

"நீங்க எதச் சொல்லுறீங்க?"

"ரெண்டும் சரிதான். யோசிச்சு அடுத்த முறை சொல்லுங்க."

பாக்கியராசா வெற்றிலைத் தோட்டக்காரர். அதுவரை எந்தப் படித்த மனிதரும் அவருடைய அபிப்பிராயத்தைக் கேட்டதில்லை. கேட்டபோது அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை.

வீட்டில் கேட்கவும் வழியில்லை. மனைவி சீனிப்பிள்ளைக்கு "வீக்கம்" என்று மட்டுமே சொல்லியிருந்தார். மகள் சிவானுஜாவுக்கும் உன்னிச்சை ஊர் நிரோசனுக்கும் ஆவணியில் கலியாணம். கென்சர் என்ற சொல் வெளியே போனால் மாப்பிள்ளை வீட்டார் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். முழு ஒப்பரேசன் என்றால் கொழும்புக்குப் போகவேண்டும், ஊரே விசாரிக்கும்.

சம்பந்தியிடம் இதை மறைப்பது பாவமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். அந்தக் கேள்வியைக் கலியாணத்துக்குப் பிறகு வைத்துக்கொள்வதாக முடிவுசெய்தார்.

முடிவு சொல்லவேண்டிய நாள் வந்தது. டொக்டரின் அறைக்கு வெளியே இருந்தபோது, பக்கத்து நாற்காலியில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் தகப்பன் சாமித்தம்பி.

"அடடே, சம்மந்தி! நீங்க என்ன இஞ்ச?" என்றார் சாமித்தம்பி.

"பக்கத்து வீட்டாள் ஒருத்தர். துணைக்கு வந்தன்."

"எங்க அவர்?"

"கக்கூசுக்குப் போயிட்டார்."

"அவருக்கு அதுதானே வருத்தம். நான் அண்ணன்ட ரத்த ரிப்போட் காட்ட வந்தன்."

பாக்கியராசாவுக்கு மூத்திரம் முட்டியது.

"ஆள இன்னும் காணல்ல. பாத்துட்டு வாறன்."

திரும்பி வந்தபோது சாமித்தம்பி கேட்டார்: "இருக்காரா?"

"இருக்கார், இருக்கார். அவருக்கு வீக்கம். அதோட, சின்னதா மற்றதும் கிடக்காம்." பாக்கியராசா குரலைத் தாழ்த்தினார். "சுரண்டுறதா, முழுசா எடுக்கிறதா எண்டு ஆளுக்கு விளங்கல்ல. கொடியில நோய் விழுந்தா வேரோடதானே புடுங்கணும்?"

"அது வெத்திலைக்கு. நெல்லு வட்டைக்குள்ள நாலு களை கிடக்கெண்டு பயிரோட சேத்து உழுது போடுவமா? வரம்பில நிண்டு பாத்துக்கொண்டிருப்பம். கூடினாப் புடுங்குவம்."

"அது நெல்லுக்கு. இது உள்ளுக்க வளராதா?"

"வளந்தா ரத்தத்தில காட்டும். அண்ணனும் சுரண்டித்தான் எடுத்தவர். மற்றது உள்ளதான் கிடக்கு. வருசாவருசம் வேளாண்மை செய்யுறாரே!"

"நோகுமா?"

"நோவு பெரிசில்ல. டியூப் கழட்டின பிறகு கொஞ்ச நாளைக்குத்தான் அந்தரம். முட்டினா நிக்க ஏலாது. கட்டிலால இறங்கி நாலு எட்டு வைக்க முந்தி..." சாமித்தம்பி நிறுத்தினார். "எண்டு அண்ணன் சொன்னவர்."

பாக்கியராசா யோசித்துப் பார்த்தார். வெற்றிலை முறையும் சரியாகத்தான் பட்டது. நெல் முறையும் சரியாகத்தான் பட்டது. மனிதன் எந்தப் பயிர் என்று டொக்டர் சொல்லவே இல்லை. இதற்குள் மறுபடி முட்டியது.

"ஒருக்காப் பாத்துட்டு..."

"ஆறுதலாப் பாத்துட்டு வாங்க சம்மந்தி. அவசரப்படுத்தினா அவருக்கு வராது."

திரும்பி வந்து உட்காரவும் தாதி இலக்கத்தைக் கூப்பிட்டாள். பாக்கியராசா கையிலிருந்த இலக்கத் துண்டைப் பார்த்தார்; கழிவறைப் பக்கம் பார்த்தார்; சம்பந்தியைப் பார்த்தார்.

"அவர்ட நம்பர். ஆளக் காணல்லயே!"

"நீங்களே போய்ச் சொல்லுங்க. அவர்ட விசயம் உங்களுக்குத்தானே நல்லாத் தெரியும்."

உள்ளே போய், "சுரண்டுவம் டொக்டர்," என்றார்.

"சரி. ஆனா மற்றதுக்கு ரத்தம் பாக்க ஒழுங்கா வரணும்."

"அவர் வருவார்."

"யார்?"

"நான்தான்."

ஒப்பரேசனுக்கு நாள் குறித்த கிழமையே, கலியாணத் தரகர் களுதாவளைக்கு வந்தார்.

"மாப்பிள்ளைட தகப்பன் புதுசா ஒரு நிபந்தனை போடுறார்."

சம்பந்தி விசயத்தைக் கண்டுபிடித்துவிட்டார் என்று பாக்கியராசாவுக்குப் பட்டது. வீட்டிலும் சொல்லிவிட்டார், எல்லாம் முடிந்தது.

சீனிப்பிள்ளை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். "வீட்ட மகளுக்கு எழுதிட்டம். நாங்க ரெண்டு பேரும் பின்னறைக்குப் போறம். இன்னும் என்ன வேணுமாம்?"

"கலியாணத்துக்கு முந்தி, அறையோட சேந்தாப்போல ஒரு கக்கூஸ் கட்டணுமாம்."

"பாத்தீங்களா கொழுப்ப! அவங்கட மகன் வெளி முத்தத்துக் கக்கூசுக்கு நடந்து போகமாட்டாராமா?"

"மாப்பிள்ளைக்கில்லக்கா," என்றார் தரகர், தனக்கும் விளங்காத முகத்துடன். "பின்னறைக்குத்தான் வேணுமாம்."

சீனிப்பிள்ளை புருசனைப் பார்த்தார். புருசன் கூரையைப் பார்த்தார்.

மறுநாள் காலை உன்னிச்சையிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு மேசன் வந்தார். பின்னறைக் கட்டிலிலிருந்து சுவர்வரை நாடா பிடித்து அளந்துவிட்டு, சுவரில் கரித்துண்டால் ஒரு கதவு வரைந்தார்.