ஓர் ஆள் எடை

ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்காக பைக்கின் ஹெட்லைட், இண்டிகேட்டர், பக்கக் கண்ணாடி எல்லாவற்றையும் ஜெபசீலன் தனியாகவே கழற்றினான். பிரேக்கையும் டயரையும் தனியாகவே மாற்றினான். சஸ்பென்ஷனுக்கு மட்டும் இன்னொருவர் வேண்டும். அவன் ஏறி உட்கார்ந்து வண்டி அமுங்கியதும், பின்சக்கர அச்சிலிருந்து சீட் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அவர்தான் அளந்து சொல்ல முடியும். லெதர் உடையும் ஹெல்மெட்டுமாக ஏறி, அடுக்ககத்தின் கீழ்த்தளச் சுவரைப் பிடித்தபடி காத்திருந்தான். பால் வாங்கி வந்த எதிர் வீட்டுக்காரர் நின்றார். இரண்டு வருடத்தில் இருவரும் பேசியதே இல்லை.

“எந்த கிரகத்துக்குத் தம்பி கிளம்பிட்டீங்க?”

விஷயத்தைச் சொல்லி டேப்பை நீட்டினான். அவர் பால் பாக்கெட்டைத் தரையில் வைத்துவிட்டு முட்டி போட்டார்.

“அம்பத்திரண்டு சென்டி. சரியா?”

அவனுக்கு வேண்டிய அளவு அதுதான்.

“தெரியல சார்,” என்றான். “இன்னொரு தடவை பாருங்களேன்.”